இருநூறு மடங்குக் குழிகள்

அந்த வருடம் என் கைப்பையில் எப்போதும் ஐந்து பொருள்கள் இருந்தன. நான்கு தரத்தில் உலோகம் தேய்க்கிற எமரித்தாள். அட்டையில் சுற்றிய ஒரு கண்ணாடித் துண்டு. ஒரு முழம் கறுப்பு வெல்வெட். மாத்திரை டப்பாவில் அலுமினாப் பொடி. நாற்பது பக்க நோட்டு. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் பஸ் ஏறிய நாட்கள் உண்டு. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் மறந்ததில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.இ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையில் காலை ஆறரை பஸ். காரியாபட்டி வரைக்கும் மடியில் நோட்டை விரித்து எழுதலாம். அதற்கு மேல் யாராவது ஒருவருடைய காய்கறிப் பை என் மடிக்கு வந்துவிடும். என் ப்ராஜெக்ட், உருகிய அலுமினியத்துக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்களைக் கலந்து வார்ப்பது. சிலிக்கன் கார்பைடு என்றால் சாணைக்கல் செய்கிற பொடி. அலுமினியம் லேசானது, ஆனால் உரசினால் தேய்ந்துவிடும். இந்தப் பொடி கல்லை விடக் கடினம். இரண்டையும் சேர்த்தால் லேசாகவும் இருக்கும், தேய்மானத்தையும் தாங்கும். உலகத்தில் பல இடங்களில் செய்துபார்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. அதுவே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஒரு பரபரப்பைக் கொடுத்தது. வெளியே அது தெரியாது. என் முகம் அப்படிப்பட்டது. ஆனால் நோட்டில் அந்த மாதங்களின் கையெழுத்தைப் பார்த்தால் தெரியும். எழுத்துகள் எல்லாம் வலது பக்கம் சாய்ந்து ஓடுகின்றன.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்பது வேலைகளை வரிசையாக எழுதிவைத்தேன். வார்ப்பது, அறுப்பது, மெருகேற்றுவது, மைக்ராஸ்கோப்பில் உள்ளமைப்பைப் பார்ப்பது, படம் எடுப்பது, அடர்த்தி பார்ப்பது, கடினம் பார்ப்பது, தேய்மானம் பார்ப்பது, அரிப்பு பார்ப்பது. முடிந்ததற்குப் பக்கத்தில் ஒரு டிக். ஆறாவது வேலையான அடர்த்திக்குத் தேவைப்பட்ட துல்லியத் தராசு வேதியியல் துறையில் இருந்தது. அங்கே போய் நிற்பதற்கு ஒரு கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு டிக் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

கல்லூரியின் உலை கம்பி எரிந்து கிடந்தது. புதுக் கம்பிக்கு அனுமதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில் விசைத்தறி ஷெட் வைத்திருந்த அண்ணாச்சிதான் வழி சொன்னார். திருச்சுழி ரோட்டில், பெட்ரோல் பங்க் தாண்டி, கணவனும் மனைவியுமாக ஒரு வார்ப்படப் பட்டறை நடத்துகிறார்கள், ஊரில் பாதித் தறிகளின் அலுமினியச் சாமான்கள் அங்கே வார்ப்பவைதான் என்றார். நான் வார்ப்பது சரியாக வந்தால், தன் ஷெட்டில் ஒரு தறியின் கிராங்க் புஷ்ஷை அதிலேயே செய்து மாட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். புஷ் என்பது சுழலும் தண்டைத் தாங்குகிற வளையம். நாள் முழுக்க உரசல் வாங்குவது. என் உலோகத்துக்கு அதைவிட நல்ல தேர்வு கிடைக்காது.

பட்டறை என்றால் நான்கு கல்தூண், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. தரையில் ஒரு குழி உலை, பக்கத்தில் காற்று ஊதுகிற மோட்டார், உலோகம் உருக்குகிற கறுப்பு மூசைகள் நான்கைந்து கவிழ்ந்து கிடக்கும். அவர்களை நான் அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் அதிகம் பேசமாட்டார். அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். மணல் சலித்து அச்சு எடுப்பது அக்கா, உருக்கி ஊற்றுவது அண்ணன். நான் போய் என் வேலையைச் சொன்னதும் அண்ணன் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். உலோகத்தில் தூசி விழாமல் பார்ப்பதற்குத்தான் இத்தனை வருடம் பாடுபட்டேன், நீ தூசியைக் கொண்டுவந்து போடச் சொல்கிறாய் என்றார். அக்காவுக்கு அது என்ன பொருள் என்று விளங்கவேண்டியிருந்தது. கடலைமிட்டாய் மாதிரி, அலுமினியம் பாகு, பொடி கடலை என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் என் ப்ராஜெக்ட்டுக்குக் கடலைமிட்டாய் என்றுதான் பெயர்.

முதல் தடவை படுதோல்வி. துளை போடுகிற கை மெஷினைத் தலைகீழாகக் கட்டி, அதில் இரும்புத் துடுப்பு மாட்டிக் கலக்கினோம். உருகிய அலுமினியம் நடுவில் சுழித்துக் கிணறு மாதிரி இறங்கியது. அக்கா அந்தச் சுழிக்குள் ஸ்பூனால் பொடியைத் தூவினார். பொடி உள்ளே போகவே இல்லை. கட்டி கட்டியாக மேலே வந்து மிதந்தது. பொடியைச் சூடாக்கிப் போடவேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நோட்டிலும் எழுதியிருந்தேன். ஆனால் மாசி மாத வெயிலில் மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் காயவைத்ததே போதும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊர் வெயிலின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அக்கா மிதந்த கட்டியைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார். “கடலைய வறுக்காமப் பாகுல போட்டுட்டு ஒட்டலன்னா எப்படித்தா ஒட்டும்? இதுக்கா மதுரைக்குப் போய்ப் படிக்க?”

அடுத்த தடவை பொடியை இரும்புச் சட்டியில் போட்டு உலை ஓரத்திலேயே சிவக்கச் சிவக்கச் சூடாக்கினோம். பொடி ஒட்டுவதற்காக உலோகத்தில் சிறிது மக்னீசியமும் சேர்த்தேன். அக்கா தூவியதைச் சுழி அப்படியே விழுங்கியது. ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன், மூசைக்குள் உலோகம் கூழ் மாதிரி கெட்டியாகிக்கொண்டே வந்தது. அண்ணன் துடுப்பை நிறுத்தாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்றைக்கு ஊற்றிய நான்கு கட்டைகளையும் ஆறியதும் நானே மணலிலிருந்து எடுத்தேன். கை சுட்டது. கீழே வைக்க மனம் வரவில்லை.

வார்த்த கட்டையைக் கால் ரூபாய் அளவு துண்டுகளாக அறுத்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றினால்தான் மைக்ராஸ்கோப்பில் உள்ளே இருப்பது தெரியும். கல்லூரியில் மெருகு போடுகிற சுழல் தட்டு ஒன்றே ஒன்று. அதற்குப் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அதனால் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடித் துண்டின்மேல் எமரித்தாளைப் பரப்பி, ஒரே திசையில் தேய்க்கவேண்டும். தாளை மாற்றும்போது துண்டைக் கால் வட்டம் திருப்பவேண்டும். கடைசியில் வெல்வெட்டில் அலுமினாப் பொடியைக் குழைத்து, முகம் தெரிகிறவரை தேய்ப்பது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அம்மா, பிள்ளைகளின் பரீட்சைத்தாளை ஒரு பக்கம் திருத்த, நான் ஒரு பக்கம் தேய்ப்பேன். முடிந்ததும் வாசல் தொட்டியில் கழுவி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டுவைப்பேன். பங்குனிக் காற்று ஆரம்பித்திருந்தது. ஜன்னலை மூடினாலும் மெல்லிய செம்மண் தூசி எல்லாவற்றின்மேலும் படிந்தது. ஒரு தூசி போதும், மெருகில் கீறல் விழ. தண்ணீருக்குள் இருந்தால் தூசி தொடாது என்பது என் கணக்கு. காலையில் எடுத்துத் துடைத்து, பஞ்சில் சுற்றி, பஸ் ஏறுவேன்.

முதல் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்த காலை நன்றாக நினைவிருக்கிறது. சாம்பல் நிறத் துகள்கள் வெள்ளை அலுமினியத்துக்குள் பரவி நின்றன. அழகாகப் பரவியிருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றிக் கறுப்பு கறுப்பாகக் குழிகள். ஒன்றிரண்டு இல்லை. எங்கே நகர்த்தினாலும் குழி. இரண்டாவது துண்டிலும் அப்படித்தான். மூன்றாவதிலும்.

உருகிய அலுமினியம் ஈரக்காற்றைக் குடித்துவிட்டால், உறையும்போது அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் ஓட்டைகளாக நிற்கும். நான் பார்த்தது அதுதான் என்று முடிவுகட்டினேன். வழிகாட்டிப் பேராசிரியரும் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஓட்டைகளோடு தேய்மானம் அளப்பதில் அர்த்தமில்லை என்றார். மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டையில்லாத வார்ப்பு வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் நூலகத்திலேயே உட்கார்ந்து செய்கிற ஒரு தலைப்புக்கு மாறிக்கொள்ளவேண்டும் என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருட்டறையில் கழுவிய படங்களை எடுத்துக்கொண்டு, மதியமே பஸ் ஏறி நேராகப் பட்டறைக்குப் போனேன். அங்கே ஷெட்கார அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். மறுநாள் முப்பது சாமான்கள் வார்க்க ஆர்டர் கொடுப்பதற்காக வந்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண்ணில் குழிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. படத்தை அண்ணனிடம் நீட்டி, வார்ப்பு முழுக்க ஓட்டை, அச்சு ஈரமாக இருந்திருக்கிறது என்றேன். அமைதியாகத்தான் சொன்னேன். அமைதியாகச் சொன்னதால் அது இன்னும் உறுதியான செய்தி மாதிரி ஒலித்திருக்கவேண்டும்.

அண்ணாச்சி எட்டி என் கையிலிருந்து படத்தை வாங்கினார். படத்தில் ஒவ்வொரு குழியும் பொட்டுக்கடலை அளவு. அது இருநூறு மடங்கு பெரிதாக்கிய படம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை, மூலையில் சின்னதாக எழுதியிருக்கும். அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொதுவாக ஏதோ பேசிவிட்டு, ஆர்டரைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்த முப்பது சாமான்களும் விருதுநகரில் வேறொரு பட்டறையில் வார்க்கப்பட்டு வந்து இறங்கின.

அண்ணன் அன்றைக்கு ஒரு வேலை செய்தார். மீதமிருந்த கட்டை ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டினார். கணீரென்று ஒலித்து, நெடுநேரம் ஓயாமல் நின்றது.

“ஓட்டை இருந்தா சொத்துன்னு கேக்கும் பாப்பா. இது எப்படிப் பேசுதுன்னு கேளு.”

கேட்டேன். கேட்டுவிட்டு, காதால் கேட்பதை விடக் கண்ணால் பார்ப்பதுதான் சான்று என்று அவருக்கு விளக்கினேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

இருந்தும் அவர் இன்னொரு தடவை வார்த்தார். அச்சுகளை ஒரு நாள் முழுக்கக் காயவைத்தார். கரியைக்கூடச் சூடுபடுத்திப் போட்டார். காற்றை வெளியேற்றுகிற மாத்திரையை இரண்டு முறை போட்டார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, என் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பாப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, இஞ்சினியரம்மா என்றார். “இஞ்சினியரம்மா, எழுதியாச்சா? அச்சு காஞ்சிருச்சு. தொட்டுப் பாத்துக்கிடுங்க.” அக்கா அன்றைக்குச் சலித்த மணலையே மறுபடி மறுபடி சலித்துக்கொண்டிருந்தார்.

புது வார்ப்பிலிருந்து துண்டு அறுத்து, வீட்டில் மெருகேற்றி, கழுவி, டம்ளரில் போட்டு, காலையில் கொண்டுபோய்ப் பார்த்தேன். குழிகள். முன்பைவிட அதிகம். நானே போய்ச் சொன்னேன். இந்த முறை யாரும் பக்கத்தில் இல்லாதபோது சொன்னேன். அண்ணன் காற்று மோட்டாரின் சுவிட்சை அணைத்தார். இது தனக்கு வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். அக்கா என்னோடு ரோடு வரைக்கும் வந்தார்.

“நீ போட்டோவ நீட்டிட்டுப் போயிட்ட. இப்ப மூணு ஷெட்டுக்காரக வந்து, ஒங்க வார்ப்புல ஓட்டையாமேன்னு கேக்காக. எங்க வீட்டுக்காரக ராவெல்லாம் ஒறங்கல. ஒனக்கு இது பரீச்ச. எங்களுக்கு இதான் சோறு.”

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் கல்லூரியில் மெருகுத் தட்டுக்கு வரிசையில் இருந்த ஒரு மாணவர் வரவில்லை. அவருடைய ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. கையில் புது வார்ப்பின் ஒரே ஒரு துண்டு பாக்கியிருந்தது. பின்பக்கம் ஏழு என்று எண் குத்தியது. நம்பிக்கை இல்லாமல்தான் மெருகேற்றினேன். அங்கே இருந்த, காய்ச்சி வடித்த வாலை நீரில் கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஒரு குழிகூட இல்லை.

வெள்ளைத் தரையில் சாம்பல் நிறத் துகள்கள் ஒன்றையொன்று நெருக்காமல், விதைத்த மாதிரி நின்றன. துகளுக்கும் உலோகத்துக்கும் நடுவில் கோடு கூடத் தெரியவில்லை. புத்தகத்தில் இருந்த படங்களைவிட நன்றாக இருந்தது. எழுந்து ஆய்வுக்கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. படம் எடுத்தேன். கட்டையின் மேல்பாதி நல்லது, கீழ்ப்பாதியில்தான் ஓட்டை போலிருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒருவர் தவறான பாதையில் போகமுடியும் என்பதற்கு அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறது.

ஏழாம் எண்ணை அம்மாவிடம் காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டில்லாத நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். அன்றைக்கும் காற்று பலமாக வீசியது. ஏழாம் எண்ணையும் வழக்கம்போலக் கழுவி, மற்றத் துண்டுகளோடு டம்ளரில் போட்டேன். காலையில் அதைப் பேராசிரியரிடம் காட்டுவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

குழிகள்.

எண்ணை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று திருப்பிப் பார்த்தேன். ஏழு. முதல் நாள் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். படத்தில் ஒரு மூலையில் வெற்றிலை வடிவத்தில் ஒரு துகள் இருந்தது. தேடிக் கண்டுபிடித்தேன். அதே துகள். நேற்று அதைச் சுற்றிச் சுத்தமான வெள்ளை. இன்றைக்கு அதன் விளிம்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு அரைவட்டம்.

வார்த்து முடித்த உலோகத்தில் காற்று புதிதாக ஓட்டை போடாது. நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் ஏழாம் எண்ணுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பஞ்சில் சுற்றினேன். பஸ். வீடு. அம்மா பார்த்தார். கழுவினேன். டம்ளர். அந்த இடத்தில் பேனா நின்றது.

வெளியூர்க்காரர் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்திருந்தால், ஒரு தடவையாவது கேட்டிருப்பார், இது என்ன தண்ணீர் என்று. எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு இரண்டு தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் என்றைக்கோ வரும், மூடிவைத்த குடங்களில் இருக்கும், குடிக்கவும் உலைவைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். நாக்கில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீரில் கையைக் கழுவினால் அம்மா அடிப்பார். அது எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்த சட்டம். கழுவுவது என்றால் உப்புத் தண்ணீர். அதை நான் ஒரு முடிவாக எடுக்கவே இல்லை. கை தானாகத் தொட்டிக்குப் போனது.

உப்புத் தண்ணீரில் அலுமினியம். அதுவும் எவர்சில்வர் டம்ளரில். இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் ஒன்று கரையும் என்பதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான். அந்த இரண்டில் அலுமினியம்தான் கரையும். துகளின் விளிம்பில் ஆரம்பித்துக் கரையும். என் பட்டியலில் ஒன்பதாவது வேலையான அரிப்புச் சோதனையை, நான் தினமும் என் வீட்டு அடுக்களையில் எனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அதன் முடிவுகளைக் கொண்டுபோய் அண்ணனின் வார்ப்புக் குறை என்று காட்டியிருக்கிறேன்.

எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு உணர்ச்சிகள் வந்தன. ஒன்று வெட்கம். மற்றது, வெளியே ஓடிப்போய் யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போன்ற சந்தோஷம். உலோகம் நன்றாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே நன்றாக இருந்திருக்கிறது.

வேதியியல் துறைக்கான கடிதத்தை அன்றைக்கே எழுதி, இரண்டு கையெழுத்தையும் மதியத்துக்குள் வாங்கி, ஆய்வுக்கூடத்தில் இருந்த மீதிக் கட்டையைத் தராசில் நிறுத்தேன். காற்றில் ஒரு எடை, நீரில் ஒரு எடை. ஓட்டையில்லாமல் வார்த்தால் எவ்வளவு இருக்கவேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. அண்ணன் சுத்தியலால் தட்டிச் சொன்னதைத் தராசும் சொன்னது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மூன்று முறை டிக்கெட் கேட்டாராம். நான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று கண்ணாடி டம்ளர், ஒன்றில் வாலை நீர், ஒன்றில் குடிக்கிற தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். நான்காவது எவர்சில்வர், போர் தண்ணீரோடு. ஒவ்வொன்றிலும் அந்த மீதிக் கட்டையிலிருந்து அறுத்த ஒரு துண்டு. அம்மாவிடம் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை உலோகத்துக்காகக் கேட்டபோது, முதலில் என்னைப் பார்த்தார், பிறகு குடத்தைச் சாய்த்தார்.

முடிவு எதிர்பார்த்ததுதான். வாலை நீர்த் துண்டில் எதுவும் இல்லை. நல்ல தண்ணீரில் அங்கங்கே ஒரு புள்ளி. போர் தண்ணீரில் குழிகள். எவர்சில்வரில் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளமாகிவிட்டன.

பட்டறைக்குப் போனேன். அண்ணனிடம் தப்பு என்னுடையது, வார்ப்பில் ஓட்டை இல்லை, என் வீட்டுத் தண்ணீர் அரித்திருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, இதை என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். கேட்டது நியாயம். சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து உங்கள் உலோகத்தை நீங்களே பாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். அக்கா ஏற்கனவே மாற்றுச் சேலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் தெருவுக்குத் திரும்பி ஷெட்கார அண்ணாச்சியிடமும் போனேன். அவரிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் கோபமாக இல்லை, என்மேல் மரியாதையாக இருந்தார். மதுரைப் படிப்புப் படித்த பிள்ளை சொல்லித் தன் காசு தப்பியது என்று நினைத்துக்கொண்டிருந்தார். படம் இருநூறு மடங்கு பெரிதானது, அந்தக் குழிகள் உண்மையில் ஒரு முடியின் கனத்தில் ஏறக்குறைய பாதி, அவையும் வார்ப்பில் இல்லாதவை என்று சொன்னேன். தறிகளின் சத்தத்தில் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. அவரையும் சனிக்கிழமை வரச்சொன்னேன்.

சனிக்கிழமை நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அண்ணனும் அண்ணாச்சியும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் முதலில் அக்கா பார்த்தார். கண்ணைச் சுருக்கி, எதுவும் தெரியவில்லை என்றார். குமிழைத் திருகினேன். சட்டென்று அவர் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

“ஏத்தா, இது நான் தூவினதா?”

ஆமாம் என்றேன். நகர்த்திக் காட்டினேன். ஒரு இடத்தில்கூடக் கட்டியாகச் சேரவில்லை, அவ்வளவு சீராகத் தூவியிருக்கிறார். அவர் இடத்தை விட்டு எழவே இல்லை. அண்ணன் பின்னால் நின்று இரண்டு முறை இருமினார். பிறகு அவர் முறை. அவர் நெடுநேரம் பார்த்தார். குழி எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். எவர்சில்வர் டம்ளர்த் துண்டை வைத்தேன். அதையும் பார்த்தார். நிமிர்ந்து, அண்ணாச்சிக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

அண்ணாச்சி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“அப்ப என் ஷெட்டுல தெளிக்கிற தண்ணி?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நோட்டைத் தேடினேன். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் கிடையாது. பாவு நூல் காய்ந்தால் பொட்டுப் பொட்டென்று அறும். அதனால் எல்லா ஷெட்டிலும் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், ஜன்னலில் நனைந்த சாக்குத் தொங்கும். எந்தத் தண்ணீர்? நல்ல தண்ணீரையா தரையில் தெளிப்பார்கள்? வருடக்கணக்காக உப்பு ஈரத்தில் நின்ற புஷ்ஷுகள், தேய்ந்துபோனதாகத் தூக்கிப்போடப்பட்டன. அவற்றில் எத்தனை முதலில் அரித்து, பிறகு அந்தக் குழிகளின் விளிம்பு உடைந்து தேய்ந்தவை என்று யாரும் பார்த்ததில்லை. வார்த்தவரைத்தான் குறை சொன்னார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

அண்ணாச்சி அண்ணனைப் பார்க்காமல், மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே, விருதுநகரில் வார்த்த முப்பதில் நான்கு இப்போதே ஆட்டம் கண்டுவிட்டன என்றார். அக்கா சொன்னார். “அதயும் கொண்டாங்க. போட்டோ எடுத்துப் பாப்போம்.”

முதலில் சிரித்தது அண்ணன்தான்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முன்பே பேராசிரியர் ஏழாம் எண்ணின் இரண்டு படங்களையும் பார்த்தார். நூலகத் தலைப்பைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. உப்பு ஈரத்தில் அரிப்பும் தேய்மானமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைத் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார். தறியில் மாட்டிய எங்கள் புஷ் சாதாரணப் புஷ்ஷைவிட வெகுநாள் தாங்கியது. ஆனால் அதன் கடினத் துகள்கள் உள்ளே சுழன்ற இரும்புத் தண்டைக் கீறிவிட்டன. அதையும் மறைக்காமல் எழுதினேன். அண்ணாச்சி சாக்குகளைத் தறிகளைவிட்டுத் தள்ளித் தொங்கவிட்டார், புஷ்ஷுகளுக்குத் தகர மூடி போட்டார். அடுத்த ஆர்டரை மூன்று ஷெட்காரர்கள் கேட்கும்படி, பட்டறை வாசலில் நின்று சத்தமாகக் கொடுத்தார்.

தேர்வு முடிந்த பிறகு, ஏழாம் எண்ணின் முதல் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் அதைக் கையில் வாங்கி, துடைத்து, மூலையில் இருந்த சின்ன எழுத்துகளைக் காட்டி என்னவென்று கேட்டார். இருநூறு மடங்கு என்று இருக்கிறது என்றேன்.

“அத இம்புட்டுக்கூண்டா எழுதுனா எவனுக்குப் பாப்பா தெரியும்?”

சட்டத்தைக் கழற்றி, பட்டறைக்காரர்கள் மூட்டையில் விலாசம் எழுதுகிற கறுப்பு மையில், படத்தின் கீழே அதை முழு அகலத்துக்கும் என்னையே எழுதவைத்தார்.